வெளிநாட்டுப் பணத்தில் ஊர் வேலை: செட்டிநாட்டுச் சிறு அறக்கட்டளைகளுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாலு பேர் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கினால், பெயர்ப் பலகையின் பெயிண்ட் காய்வதற்குள் ஒருவர் "வெளிநாட்டு ஃபண்டு வாங்கலாமே" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. ஈப்போவில் ஒரு பங்காளி, சிங்கப்பூரில் ஒரு மைத்துனர், லண்டனில் படித்துவிட்டு அங்கேயே வேலையில் அமர்ந்த பேத்தி என்று இந்த ஊர்களுக்குக் கடல் தாண்டிய உறவு எப்போதும் உண்டு. உறவு இல்லாத இடத்திலிருந்தும் பணம் வரலாம். பெரிய தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், உலக வங்கித் திட்டங்கள் எல்லாம் உள்ளூர் ஆட்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

முதல் தடவையாக இதில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊருணியைத் தூர்வாருவது, பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவது, கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுகிற பெண்களுக்கு ஒரு கூடம் போடுவது, இந்த அளவு வேலைகள்தான் மனதில் இருக்கின்றன. பாதி சட்ட விவரம். மீதிப் பாதி, பணம் தருகிறவரோடு எப்படிச் சமமாக உட்கார்ந்து பேசுவது என்பது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கஷ்டம். கொடுத்தவர் கேட்டால் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவரிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம். யாருக்காக அந்தப் பணம் வந்ததோ அந்த ஊருக்குக் கணக்கு வைப்பது நினைவுக்கே வருவதில்லை.

உலகம் கொடுத்திருக்கும் வாக்கு

இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, கடிதம் எழுதும்போது உதவும். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவிக்குத் தர வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. பொதுச்சபை இலக்கு வைத்தது. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் என்று விரல்விட்டு எண்ணும் நாடுகள்தான் அதை எட்டின. 2005-ல் பாரிஸ் பிரகடனம் வந்தது. உதவி பெறும் நாடுதான் தன் திட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும், கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டும் என்றது. 2011-ல் தென்கொரியாவின் பூசான் நகரில் கூடி அதையே இன்னும் விரிவாக்கினார்கள். அரசுகளோடு தன்னார்வ அமைப்புகளும் அந்த மேசையில் இருந்தன. 2015-ல் ஐ.நா. ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் கடைசி இலக்கே கூட்டாண்மை பற்றியதுதான்.

காகிதத்தில் எல்லாம் அழகு. 2016-ல் பெரிய கொடையாளர்கள் கூடி, பேரிடர் நிவாரண நிதியில் 25 சதவீதத்தை 2020-க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளிடம் முடிந்தவரை நேராகக் கொடுப்போம் என்றார்கள். அந்த அளவின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் "இது உங்கள் தரப்பே ஒப்புக்கொண்ட கொள்கைதானே" என்று ஒரு வரி எழுத இவை பயன்படும்.

முதல் படி: நிலம் யாருடையது, ஊர் என்ன கேட்கிறது

பணத்தைத் தேடுவதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று சொல்லும் அ-பதிவேட்டையும், எல்லை காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். ஊருணி பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. கண்மாய் என்றால் ஆயக்கட்டைப் பொறுத்தது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உரியவரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஜே.சி.பி.யை இறக்கினால், வண்டல் அள்ளிய வழக்கில் வண்டியோடு நீங்களும் நிற்க வேண்டியிருக்கும்.

அப்புறம் வரத்துக்கால், அதாவது ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். ஐப்பசி மழை பிடித்துப் பெய்யும்போது குடையோடு வரத்துக்கால் ஓரமாக மேலே நடந்து பாருங்கள். ஓரிடத்தில் தார் ரோடு போட்டவர்கள் குழாய்ப் பாலம் வைக்காமல் விட்டிருப்பார்கள், தண்ணீர் ரோட்டின் மேல்பக்கமே குளம் கட்டி நிற்கும். இன்னோர் இடத்தில் பிளாட் போட்டவரின் எல்லைக்கல் கால்வாய் நடுவே நட்டிருக்கும். அதற்கும் மேலே சீமைக்கருவேலம் அடைத்திருக்கும். ஊருணியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் தண்ணீர் வந்து சேர வழி இருக்காது. ஆனால் கொடையாளருக்குப் பிடித்தது நாலு பக்கமும் படிக்கட்டு கட்டி, செம்பராங்கல் பளபளக்கும் ஊருணிப் படம். புதர் வெட்டிய கால்வாயைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? ஆகவே உங்கள் பட்ஜெட்டில் வரத்துக்காலுக்குத் தனியாக ஒரு வரி போட்டு, அதுதான் முதல் வேலை என்று எழுதுங்கள். அதை வெட்டச் சொல்லும் கொடையாளரோடு அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

ஊர் என்ன கேட்கிறது என்பதைக் கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். காரைக்குடி மாநகராட்சிக்குள் என்றால் கிராம சபைக்குப் பதில் பகுதி சபை. ஊர் என்றால் நகரத்தாரின் நகர விடுதியில் கூடுகிறவர்கள் மட்டும் கிடையாது. ஆயக்கட்டில் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர், காலனித் தெருப் பெண்கள், ஆடு மேய்க்கிறவர் எல்லாருக்கும் அந்தத் தண்ணீரில் பங்கு உண்டு. யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்ற பழைய பேச்சு அந்தக் கூட்டத்தில் கிளம்பினால் கிளம்பட்டும். வேலை முடிந்த பிறகு கிளம்புவதைவிட அது மேல்.

இரண்டாம் படி: பதிவும் கணக்கும்

அறக்கட்டளையாகப் பதியலாம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கமாகப் பதியலாம் (குறைந்தது ஏழு பேர் வேண்டும்), லாப நோக்கமில்லாத கம்பெனியாகவும் பதியலாம். பான் அட்டை, வருமானவரித் துறையின் வரிச்சலுகைப் பதிவுகள் (12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகியவை), தன்னார்வ அமைப்புகளுக்கு நிதி ஆயோக் தரும் தர்ப்பண் எண். இவை எல்லாம் ஆடிட்டர் செய்து தருகிற வேலை, அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கை மட்டும் ஆடிட்டர் தலையில் கட்டாதீர்கள். பேரேடும் ஐந்தொகையும் இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து தொழில் படித்தவர்களின் ஊர் இது. லாபத்தில் மகமை (தர்மத்துக்கென்று ஒதுக்கும் பங்கு) எடுத்துத் தனியாகக் கணக்கு வைத்துத்தான் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணி கோயில்களை நடத்தினார்கள். டீக்கடைச் செலவுக்கும் ஒரு வவுச்சர், வவுச்சரில் இரண்டு பேர் கையெழுத்து என்று முதல் நாளிலிருந்தே வையுங்கள்.

மூன்றாம் படி: அது யார் பணம்?

செட்டிநாட்டில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, எல்லாரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்வது, பணம் எந்த நாட்டிலிருந்து கிளம்பியது என்பதைவிடக் கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்றுதான் பார்க்கிறது.

துபாயில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் உள்நாட்டு நன்கொடைதான். ஈப்போவில் பிறந்து மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பங்காளி கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. கும்பாபிஷேகத்துக்கு வந்த இடத்தில் ரூபாய் நோட்டாகவே கையில் கொடுத்தாலும் அப்படித்தான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் மாற்றம் இல்லை. கோயில் திருப்பணிக்கு என்றாலும் விலக்கு இல்லை.

"என்ன தம்பி, சொந்த ஊர்க் கோயிலுக்குக் கொடுக்கிறேன், அது எப்படி வெளிநாட்டுப் பணமாகும்?" என்று அவர் கோபித்துக்கொள்வார். "அண்ணே, நீங்க நம்ம ஆளுதான். சட்டம் பாஸ்போர்ட்டைத்தானே பார்க்குது" என்று சொல்லி, பாஸ்போர்ட் நகலையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி வரும்வரை பணத்தை வாங்காதீர்கள்.

ஐ.நா. அமைப்புகள், உலக வங்கி, பன்னாட்டு நிதியம் ஆகியவற்றைச் சட்டம் வெளிநாட்டு மூலமாகக் கருதுவதில்லை. வியாபாரப் பணமும் அப்படியே. கொட்டான், கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றை வெளிநாட்டுக் கடைக்கு விற்று வரும் தொகை பொருளுக்கான விலை, அது நன்கொடைக் கணக்கில் சேராது. ஏற்றுமதிக்கு உரிய பதிவு இருந்தால் போதும். கைத்தொழில் செய்கிறவர்களுக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால் நன்கொடை வழியை விட்டுவிட்டு இந்த வழியை முதலில் யோசியுங்கள் என்பேன். கூடம் கட்டித் தருகிறேன் என்கிற கொடையாளரைவிட, ஓலைக்கு முன்பணம் கொடுத்து, ஒரு கொட்டானுக்கு நியாயமான கூலி போட்டு, வருடம் முழுக்க ஆர்டர் தருகிற கடைக்காரர் அந்த ஆச்சிகளுக்கு அதிகம் செய்கிறார்.

நான்காம் படி: எஃப்.சி.ஆர்.ஏ. வழி

இரண்டு கதவுகள். முழுப் பதிவு வேண்டுமானால் அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். புதிய அமைப்பு என்றால் முன் அனுமதி கேட்கலாம். குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று அவரிடம் உறுதிக் கடிதம் வாங்கி உள்துறை அமைச்சகத்துக்கு இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். ஊருணி அளவு வேலைக்கு இதுவே பொருத்தம்.

2020 திருத்தத்துக்குப் பிறகு நினைவில் வைக்க வேண்டியவை: வெளிநாட்டுப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். அங்கிருந்து உங்கள் ஊர் வங்கியில் இதற்கென்றே வைத்த தனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், உள்நாட்டுப் பணத்தோடு கலக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10 லட்சம் வந்தால் அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம், பயணம் எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்குள் அடங்க வேண்டும். எது நிர்வாகம், எது திட்டச் செலவு என்ற பட்டியலை விதிகளைக் காட்டி ஆடிட்டரிடமே கேளுங்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம் போக வேண்டும், அந்த வருடம் ஒரு பைசா வராவிட்டாலும்கூட.

மிக முக்கியமானது: ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. "எங்கள் எஃப்.சி. கணக்கில் வாங்கித் தருகிறோம், 10 சதவீதம் மட்டும் பிடித்துக்கொள்வோம்" என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பதிவு பெற்ற அமைப்பு தன் பெயரில், தன் கணக்கில் உங்கள் ஊரில் நேராக வேலை செய்யலாம், அதற்குத் தடையில்லை. 2020 திருத்தத்தை எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சின்ன அமைப்புகளின் குரல்வளையை இந்த விதி நெரிக்கிறது என்பது என் கருத்து. ஆனால் கருத்து வேறு, கணக்கு வேறு. விதிகள் அடிக்கடி மாறுவதால் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்காருங்கள்.

ஐந்தாம் படி: கொடையாளரை விசாரியுங்கள்

பெண் கொடுக்கும் முன் விசாரிப்பதைப் போல விசாரிக்க வேண்டும். அவர்கள் பணம் எங்கிருந்து வருகிறது? கடந்த வருடக் கணக்கைப் பொதுவில் வைத்திருக்கிறார்களா? பெரிய நிறுவனங்கள் பல தங்கள் உதவிக் கணக்கை ஐ.ஏ.டி.ஐ. என்ற சர்வதேசப் பொது முறையில் வெளியிடுகின்றன. 2008-ல் அக்ராவில் தொடங்கியது அது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இதற்கு முன் அவர்கள் வேலை செய்த ஊர் ஒன்றின் பெயரைக் கேட்டு, அங்கே யாரோடாவது பேசுங்கள். திட்டம் முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆன ஊராக இருந்தால் உண்மை தெரியும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: தவணை எந்தத் தேதியில் வரும், தாமதமானால் யார் பொறுப்பு? மழைக்காலத்துக்கு முன் முடிய வேண்டிய வேலைக்கு நவம்பரில் தவணை வந்தால் பயனில்லை. பட்ஜெட்டில் ஒரு வரியிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வரை நீங்களே மாற்றலாம்? மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை என்றால் அதை எழுதுகிற ஆளுக்கு யார் சம்பளம்? எடுக்கும் படங்கள் யாருக்குச் சொந்தம், குழந்தைகள் முகத்தை விளம்பரத்தில் போடுவார்களா? நிறுத்துவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள்? கடைசியாக, அவர்கள் ஆள் யாராவது ஊரில் தவறாக நடந்தால் புகார் செய்ய எங்கே போவது? ஒப்பந்தம் முழுவதையும் தமிழில் எழுதி வாங்குங்கள், அல்லது நீங்களே எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் படிக்க முடியாத தாளை ஊர் சார்பில் ஏற்கக் கூடாது.

வெளியிலிருந்து வரும் பணம் ஊருக்குப் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது செட்டிநாட்டுக்குத் தெரியாததல்ல. பர்மாவின் ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தது இங்கிருந்து போனவர்கள். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்ததும், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் செட்டியார் கடைகளின் பேருக்கு வந்து சேர்ந்தது. நிலம் வேண்டும் என்று போனவர்கள் அல்ல, கடனைத்தான் கேட்டார்கள். ஆனாலும் அங்கத்திய விவசாயி கண்ணில் அது எப்படித் தெரிந்திருக்கும்? இன்று நாம் மேசையின் மறுபக்கம் இருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆறாம் படி: ஊருக்குக் கணக்கு

வேலை நடக்கும் இடத்தில் ஒரு பலகை. கொடையாளர் சின்னம் ஓரமாகச் சின்னதாக இருக்கட்டும். பெரிய எழுத்தில்: மொத்தத் தொகை எவ்வளவு, ஜே.சி.பி. வாடகை மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை லோடு வண்டல், அது யார் யார் வயலுக்குப் போனது, கூலி எவ்வளவு, கையில் மீதி எவ்வளவு. வண்டல் கணக்கைத்தான் ஊர் முதலில் படிக்கும், பாருங்கள். அதில் ஒரு லோடு குறைந்தாலும் அன்று சாயங்காலமே உங்கள் வீட்டு வாசலுக்குக் கேள்வி வந்துவிடும். வரட்டும், அதற்குத்தானே பலகை.

வெளிநாட்டு வரவைக் காலாண்டுக்கு ஒருமுறை பொதுவில் வெளியிட வேண்டும் என்ற விதியை 2022-ல் எடுத்துவிட்டார்கள். நீங்கள் எடுக்காதீர்கள். அடுத்த கிராம சபையில் வரவு செலவை வாசித்து, கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். நூறு நாள் வேலையால் சமூகத் தணிக்கை ஊர்ப் பெண்களுக்குப் பழகிப்போன சங்கதி. உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் நடந்த புது வாழ்வுத் திட்டத்தில் ஊர்தோறும் சமூகத் தணிக்கைக் குழுவே இருந்தது. அந்த மாதிரி ஐந்து பேரைத் தேர்ந்து, வவுச்சர் கோப்பை அவர்கள் கையில் கொடுங்கள். உங்கள் அறங்காவலர்களின் உறவினர் யாரும் அதில் வேண்டாம்.

ஏழாம் படி: பெரிய திட்டம் உங்கள் ஊர் வழியாக வந்தால்

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடனில் வரும் சாலை, பாசனம், மின்சாரத் திட்டங்களில் நீங்கள் கூட்டாளி அல்ல, பாதிக்கப்படுகிறவராக இருக்கலாம். அப்போது முதலில் திட்ட ஆவணத்தைத் தேடுங்கள். சுற்றுச்சூழல், மறுகுடியமர்வு அறிக்கைகளை இரண்டு வங்கிகளும் தங்கள் தளத்தில் போடுகின்றன. மாநில அரசுத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். திட்ட அலுவலகத்தில் குறைதீர் பிரிவு இருக்கும். அங்கே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அங்கே நடக்கவில்லை என்றால் மேலே கதவு இருக்கிறது. நர்மதை அணைக்குக் கடன் கொடுத்து, மக்கள் போராட்டமும் தனி விசாரணைக் குழுவின் கடுமையான அறிக்கையும் வந்த பிறகுதான் உலக வங்கி 1993-ல் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் போதும், தமிழிலேயே புகார் எழுதலாம். ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் இதேபோல ஒரு பொறுப்புடைமை அமைப்பு உண்டு. முதலில் அந்த வங்கியின் அதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்ததற்கான ஆதாரத்தை அவர்கள் கேட்பார்கள், அதனால் புகாரின் நகலை வங்கிக்கும் அனுப்பி ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

இவற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். குஜராத் முந்த்ராவில் அனல்மின் நிலையத்தால் பாதிக்கப்பட்ட மீனவர்களும் விவசாயிகளும், அதற்கு 45 கோடி டாலர் கடன் கொடுத்த உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. (தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவு) மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். சர்வதேச நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு கிடையாது என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் வழக்கு கீழே திரும்பி வந்து, சம்பவம் அமெரிக்காவில் நடக்கவில்லை என்ற காரணத்தால் தள்ளுபடியானது. அதனால்தான் சின்ன வேலையிலேயே ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள் என்று மேலே அவ்வளவு நச்சரித்தேன்.

கொடையாளர் போன பிறகு

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு ரத்தானாலோ ஒப்படைக்கப்பட்டாலோ அந்தப் பணத்தில் உண்டாக்கிய சொத்து அரசு நியமிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போய்விடும். எனவே பம்ப்செட், வேலி, கூடம் எதுவானாலும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற விதி இடம் தருகிறதா என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். இடம் தந்தால், அப்படி ஏற்றலாம் என்று ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கட்டும். பராமரிப்புக்கு யார், எவ்வளவு என்பதை வேலை தொடங்கும்போதே கிராம சபையில் முடிவு செய்யுங்கள். ஊருணிக்குப் பெரிய செலவில்லை. புரட்டாசியில் வரத்துக்காலைப் புதர் வெட்டி, குழாய்ப் பாலத்தின் அடைப்பை எடுத்துவிட்டால் போதும். அதற்கு ஆயக்கட்டுக்காரர்களும் தெருக்காரர்களும் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுக்கொள்ள முடியும். அந்த வரிக்கும் ஒரு பேரேடு போடுங்கள், அதை வைத்துக்கொள்ளும் ஆளை வருடா வருடம் மாற்றுங்கள்.